'ஆரடிச்சு நீ அழுதே?': ஒரு தாலாட்டுக்குப் பொருள் தேடும்போது எழும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இந்தத் தாலாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வரிகள் எளிமையானவைதான். ஆனாலும் 'இதற்கு உண்மையில் என்ன அர்த்தம்?' என்று கேட்பவர்கள் நிறைய. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், பல வருடம் இந்தப் பாட்டைக் கேட்டும் பாடியும் யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன். எல்லோரும் ஒரே வரிகளை மனதில் வைத்துப் படிக்க, நான் எடுத்துக்கொள்ளும் வடிவம் இது:

ஆரடிச்சு நீ அழுதே? அடிச்சாரைச் சொல்லி அழு
மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ அல்லிப்பூச் செண்டாலே
பாட்டி அடிச்சாளோ பால்வார்க்கும் சங்காலே
அடிச்சாரைச் சொல்லி அழு, ஆக்கினைகள் செய்துவைப்போம்
தொட்டாரைச் சொல்லி அழு, தோள்விலங்கு போட்டுவைப்போம்
ஆரும் அடிக்கவில்லை, ஐவிரலும் தீண்டவில்லை

முதலில் நேர்ப்பொருளைச் சொல்லுங்கள். பாட்டு என்ன சொல்கிறது?

குழந்தை அழுகிறது. யார் அடித்து நீ அழுகிறாய், அடித்தவர் யாரென்று சொல்லிவிட்டு அழு என்கிறாள் அம்மா. மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானா, அத்தை அல்லிப்பூச் செண்டால் அடித்தாளா, பாட்டி பால் புகட்டும் சங்கால் அடித்தாளா என்று ஒவ்வொருவராகக் கேட்கிறாள். பெயரைச் சொன்னால் தண்டனை கொடுப்போம், விலங்கு பூட்டுவோம் என்கிறாள். கடைசியில், யாரும் அடிக்கவில்லை, ஒரு விரல்கூடப் படவில்லை என்று முடிக்கிறாள். கடைசி வரியை எல்லோரும் பாடுவதில்லை. குழந்தை அதற்குள் தூங்கிவிட்டால் தேவைப்படாதே.

இந்த நேர்ப்பொருளைத் தாண்டி அவசரமாக ஓடக் கூடாது என்பது என் எண்ணம். 'உள்ளர்த்தம்' தேடுபவர்கள் பெரும்பாலும் நேர்ப்பொருளையே சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சில சொற்கள் புரியவில்லை. ஆக்கினை, சங்கு, செண்டு, தோள்விலங்கு என்றால் என்ன?

ஆக்கினை என்பது ஆஞ்ஞை என்ற வடசொல் தமிழில் கொண்ட உருவம். கட்டளை, தண்டனை இரண்டு பொருளும் உண்டு. இங்கே தண்டனை. தோள்விலங்கு, தோளில் பூட்டும் விலங்கு. அரண்மனைக்கும் சிறைக்கும் உரிய சொற்கள் இவை. தூளிக்குப் பக்கத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்பதைப் பிறகு பார்ப்போம்.

சங்கு என்றதும் கோயிலில் ஊதும் சங்கை நினைக்காதீர்கள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னப் பாத்திரம் அது. ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். பாலாடை என்றும் சொல்வார்கள். வெள்ளியிலோ எவர்சில்வரிலோ பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வரி சட்டென்று விளங்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பொருளால் யாரை அடிக்க முடியும்?

செண்டு என்றால் பூச்செண்டு. அகராதியைத் திறந்தால் பந்து, ஒருவகை ஆயுதம் என்றும் பொருள் போட்டிருக்கும். ஐயனார் கையில் இருப்பதற்கும் செண்டு என்றுதான் பெயர். அதை வைத்து, 'அப்படியானால் உண்மையில் ஆயுதத்தால்தான் அடித்தார்கள்' என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பாட்டு 'மல்லிகைப்பூச் செண்டு' என்று பூவைச் சேர்த்தே சொல்லிவிட்டது. அகராதியில் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்காக அது எல்லா வரிக்குள்ளும் நுழைந்துவிடாது. பக்கத்துச் சொல் எந்தப் பொருளை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

'ஆரடிச்சு நீ அழுதே' என்பது இலக்கணப்படி சரியா?

பேச்சுத் தமிழில் முழுக்கச் சரி. அடித்தவர் ஒருவர், அழுதது இன்னொருவர், இரண்டையும் 'அடிச்சு' என்ற ஒரே எச்சம் இணைக்கிறது. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்று சொல்கிறோம் அல்லவா, அதே போல. ஒன்று காரணம், மற்றது அதன் விளைவு.

'ஆர்' என்பதைக் கொச்சை என்று நினைத்து 'யார்' என்று திருத்துகிறார்கள். வேண்டாம். ஆர் என்பது பழைய வடிவம், செய்யுளிலும் உண்டு, இன்றும் பல வட்டாரங்களில் பேசுகிறார்கள். தவிர, 'ஆரடிச்சு', 'அடிச்சாரை' என்னும்போது ஆ–அ மோனை விழுகிறது. யார் என்று மாற்றினால் அது போய்விடும்.

மாமனுக்கு ஏன் மல்லிகை, அத்தைக்கு ஏன் அல்லி? பூக்களுக்குக் குறியீடு உண்டா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். வரிகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாமன்–மல்லிகை. அத்தை–அல்லி. பாட்டி–பால். தொட்டார்–தோள்விலங்கு. ஒவ்வொரு வரியிலும் உறவின் முதல் எழுத்துதான் பொருளை இழுத்துக்கொண்டு வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண் தூளியை ஆட்டிக்கொண்டே, யோசிக்க நேரமில்லாமல் அடுத்த வரியைக் கட்டுகிறாள். அவளுக்குக் கைகொடுப்பது மோனை. மோனை இருப்பதால்தான் வரி நினைவில் நிற்கிறது, புது உறவு வந்தால் புது வரி பிறக்கிறது.

ஆகவே மல்லிகை தூய்மையைக் குறிக்கிறது, அல்லி இரவைக் குறிக்கிறது என்றெல்லாம் தொடங்குவதற்கு முன், ஓசை இந்தச் சொல்லைக் கொண்டுவந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டுப்பாடலுக்குப் பொருள் சொல்லும்போது பாதித் தவறுகள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருபவை.

அதற்காக ஓசை மட்டும்தான், அர்த்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 'ம'வில் தொடங்கும் பொருள் எத்தனையோ இருக்கிறது. மத்து இருக்கிறது, மரக்கட்டை இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு மல்லிகையைத்தான் எடுத்தார்கள். ஓசை ஒரு கூடைச் சொற்களைக் கொண்டுவந்து கொட்டும், அதிலிருந்து எதைப் பொறுக்குவது என்பதைப் பாடுபவளின் மனசு தீர்மானிக்கும். வலிக்கவே வலிக்காத ஒன்றை அவள் எடுத்தாள். பொருளைத் தேட வேண்டிய இடம் அந்தத் தேர்வுதான்.

சிலர் 'அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே' என்று பாடுகிறார்களே? அரளி விஷமாயிற்றே?

ஆமாம், அந்த வடிவமும் உண்டு. எங்கள் வீட்டில் அரளிதான். சின்ன வயதில் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

அரளிச் செடியின் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. குழந்தையின் அத்தை என்பவள் பாடும் பெண்ணுக்கு நாத்தனார். நாத்தனார் கையில் விஷப்பூ என்று சேர்த்துப் பார்த்தால் ஆளை மயக்கும் விளக்கம் கிடைக்கிறது. நானும் ஒரு காலத்தில் அதை நம்பினேன், நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அரளி கிராமத்தில் வேலியோரத்துப் பூ, சாமிக்கு மாலை கட்டும் பூ. குளம் இருக்கும் ஊரில் அல்லி கண்ணில் படும், வறண்ட ஊரில் அரளிதான் கண்ணில் படும். இரண்டும் 'அ'வில் தொடங்குகின்றன.

ஆனால் குறிப்பிட்ட ஒரு பெண், நாத்தனாரோடு சண்டை நடந்த வீட்டில், அத்தை என்னும்போது குரலை அழுத்தி அரளி என்று பாடினால்? அப்போது அது குத்தல்தான். சொல் அதேதான். பாடிய நேரமும் கேட்டவர்களும் அதற்குக் கூடுதல் பொருளைக் கொடுக்கிறார்கள். அதனால் 'இந்த வரிக்கு என்ன அர்த்தம்' என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பதிலும், 'இவர் பாடியபோது என்ன அர்த்தம்' என்று கேட்டால் வேறொரு பதிலும் வரலாம். இரண்டும் சரியாகவே இருக்கும்.

குழந்தைக்கு எதுவும் புரியாது. பிறகு அம்மா யாருக்காகப் பாடுகிறாள்?

என்னைக் கேட்டால், இந்தப் பாட்டின் பூட்டுக்குச் சாவி இந்தக் கேள்விதான்.

தூங்க வைப்பதற்கு ராகமும் ஆட்டமும் போதும். சொற்கள் அதற்குத் தேவையே இல்லை. அப்படியிருந்தும் அவ்வளவு சொற்களைப் போட்டுப் பாடுகிறாள். அந்தச் சொற்களைக் கேட்கக்கூடிய காதுகள் வேறு. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார், அடுப்படியில் இருக்கும் நாத்தனார், திண்ணையில் படுத்திருக்கும் புருஷன், சில சமயம் அவளே.

முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். குழந்தை பிறந்து சில மாதம் அங்கே இருந்துவிட்டுப் புகுந்த வீட்டுக்கு வருவாள். இதே பாட்டை இரண்டு வீட்டிலும் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டில் 'மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே' என்னும்போது அவளுடைய அண்ணனோ தம்பியோ பக்கத்திலேயே நிற்கிறான். அது கிண்டல், செல்லம். புகுந்த வீட்டில் அதே வரியைப் பாடும்போது அவன் அங்கே இல்லை, எங்கோ தூரத்து ஊரில் இருக்கிறான். அங்கே அது ஏக்கமாகிவிடுகிறது. அத்தை வரி இதற்குத் தலைகீழ். தாய்வீட்டில் அது ஊரில் இல்லாதவளைப் பற்றிய பேச்சு, புகுந்த வீட்டில் எதிரே நிற்பவளுக்குச் சொல்வது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. பாடும் வீடு மாறியதும் பொருள் மாறிவிட்டது.

இப்போது ஆக்கினைக்கும் விலங்குக்கும் வருவோம். மாமியாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாத மருமகள், 'பாட்டி அடிச்சாளோ' என்று கேட்டுவிட்டு, 'ஆக்கினைகள் செய்துவைப்போம்' என்கிறாள். அந்த வீட்டில் தண்டனை கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு வேறு எந்த நேரத்திலும் இல்லை. தாலாட்டு நீடிக்கும் கொஞ்ச நேரத்துக்கு அவள்தான் அரசி. யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது, குழந்தையைத்தானே தூங்க வைக்கிறாள். எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்ணும் இதை நினைத்துத்தான் பாடினாள் என்று சொல்லவில்லை. அதற்கு இந்தப் பாட்டில் இடம் இருக்கிறது, பலர் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்கிறேன். வயதான பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேசினால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.

'அடிச்சானோ' என்று ஓகாரம் போட்டுக் கேட்பது ஏன்? 'அடிச்சானா' என்று கேட்டால் என்ன?

நல்ல கேள்வி. பதிலே பாட்டுக்குள் இருக்கிறது. 'அடிச்சானா' என்பது விசாரணை. ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும். 'அடிச்சானோ' என்னும்போது பதிலை எதிர்பார்க்கவில்லை, தனக்குத்தானே யோசிக்கிற தொனி வந்துவிடுகிறது.

நன்னூல் ஓகார இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் வினாவும் உண்டு, எதிர்மறையும் உண்டு. 'நானோ திருடினேன்?' என்று ஒருவர் கேட்டால், நான் திருடவில்லை என்றுதான் அர்த்தம். அந்தச் சாயலில் இந்த வரியைக் கேட்டுப் பாருங்கள். மாமனாவது உன்னை அடிப்பதாவது என்ற குரல் கேட்கும். 'ஆரும் அடிக்கவில்லை' என்ற கடைசி வரி புதிதாக எதையும் சொல்லவில்லை, அந்த ஓகாரத்துக்குள் முதலிலிருந்தே இருந்ததைத்தான் வெளியே எடுத்துச் சொல்கிறது.

விகுதியையும் கவனியுங்கள். 'அடிச்சான்' என்று மாமனை ஒருமையில் சொல்கிறாள், உடன்பிறந்தவன் என்ற உரிமை. அத்தைக்குச் சிலர் 'அடிச்சாளோ' என்கிறார்கள், சிலர் 'அடிச்சாரோ' என்று மரியாதை சேர்க்கிறார்கள். எந்த வீட்டில் எந்த விகுதி வருகிறது என்று கேட்டாலே அந்தப் பெண்ணுக்கும் நாத்தனாருக்கும் உள்ள தூரம் ஓரளவு தெரிந்துவிடும்.

பாட்டில் வரும் அத்தை யார்? அப்பாவின் தங்கையா, மாமாவின் மனைவியா?

ஊரைப் பொறுத்தது. அப்பாவுடன் பிறந்தவள் பெரும்பாலான ஊர்களில் அத்தைதான். மாமாவின் மனைவியைச் சில பகுதிகளில் அத்தை என்பார்கள், சில பகுதிகளில் மாமி என்பார்கள். மாமாவின் மனைவி என்று எடுத்துக்கொண்டால், மாமன் வரியும் அத்தை வரியும் ஒரே வீட்டுக் கணவன் மனைவியைப் பற்றியவை ஆகிவிடும், நாத்தனார் விளக்கமே விழுந்துவிடும். பாடியவர் எந்த ஊர் என்று தெரியாமல் இந்த வரிக்குப் பொருள் எழுதுவது எவ்வளவு ஆபத்து பாருங்கள்.

'பாட்டி'க்கும் இதே சிக்கல் உண்டு. அம்மாவைப் பெற்றவளா, அப்பாவைப் பெற்றவளா? பல குடும்பங்களில் ஒருத்தி அம்மாச்சி, இன்னொருத்தி அப்பத்தா. பாட்டில் பொதுவாகப் பாட்டி என்று வருவதால், பாடும் வீட்டில் யார் இருக்கிறாளோ அவளே அந்தப் பாட்டி ஆகிவிடுகிறாள்.

முதலில் ஏன் மாமன் வருகிறான்?

தாய்மாமனுக்கு நம் உறவுமுறையில் உள்ள இடம் அப்படி. காதுகுத்தும்போது குழந்தை உட்காரும் மடி மாமன் மடி. சீர் கொண்டுவருவது மாமன். முறைப்படி மாமன் மகளையோ மகனையோ கட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்ததால், தூளியில் கிடக்கும் குழந்தைக்கு அவன் நாளைய மாமனாராகவும் ஆகலாம். அத்தைக்கும் இதே வாய்ப்பு உண்டு. தாலாட்டுகளில் மாமன் வரிகள் நீண்டுகொண்டே போவது அதனால்தான். கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டின் கௌரவம் அவள் அண்ணன் தம்பிகளின் மேல் நிற்கிறது. குழந்தைக்குச் சொல்வது போல அந்தப் பெருமையை வீட்டுக்குச் சொல்லிக்கொள்கிறாள்.

அப்பா ஏன் பாட்டில் இல்லை?

நான் மேலே கொடுத்த வடிவத்தில் இல்லை, அவ்வளவுதான். சித்தி, அண்ணன் என்று நீட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. வாய்மொழிப் பாட்டில் 'இல்லாத'தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எது உண்மையான, அசல் வடிவம்?

அசல் என்று ஒன்று இல்லை. ஒரு கவிஞர் எழுதி, பிறகு மக்கள் மாற்றிய பாட்டு அல்ல இது. ஒவ்வொரு முறை பாடும்போதும் பிறக்கிற பாட்டு. வரிகளின் சட்டம் மட்டும் பொது: 'இன்னார் அடிச்சாரோ இன்ன பொருளாலே'. அதற்குள் அவரவர் வீட்டு ஆட்களை நிரப்பிக்கொள்வார்கள்.

புத்தகத்தில் அச்சானதுதான் சரி, பாட்டி பாடியது தப்பு என்று நினைக்கிறோம். பழைய தொகுப்பாளர்கள் சிலர் அச்சுக்குக் கொண்டுபோகும்போது 'அடிச்சு' என்பதை 'அடித்து' என்று திருத்தினார்கள், முகம் சுளிக்கும்படி இருந்த வரிகளை விட்டுவிட்டார்கள். நாட்டுப்பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்த நா. வானமாமலை போன்றவர்கள் வந்த பிறகுதான் பாடும் மக்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் பாட்டைப் படிக்கும் பழக்கம் தமிழில் வலுப்பட்டது. அச்சில் இருப்பது ஒரு நாள் ஒருவர் பாடியதன் பதிவு. உங்கள் பாட்டி பாடியதும் அதே தகுதி உள்ள பதிவுதான்.

இந்தப் பாட்டு எவ்வளவு பழையது? சொற்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முழுப் பாட்டுக்கும் ஒரே வயது சொல்ல முடியாது. வரிக்கு வரி வயது வேறுபடும். ஒரு தாலாட்டில் ரயில் வந்தால் அந்த வரி 1856-க்குப் பிந்தையது என்று சொல்லலாம், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது அந்த வருடம்தான். கண்டிச் சீமை என்று வந்தால், இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போகத் தொடங்கிய 19-ஆம் நூற்றாண்டின் வாசனை அடிக்கும். ஆனால் அதே பாட்டின் அடுத்த வரி அதைவிடப் பல தலைமுறை மூத்ததாக இருக்கலாம்.

தோள்விலங்கு வருவதால் ராஜா காலத்துப் பாட்டு என்று சொல்வதும் சரியில்லை. விலங்கு போடும் வழக்கம் போன பிறகும் அந்தச் சொல் வாயில் வாழும். மாடு இழுக்கும் செக்கு அருகிப்போன பிறகும் 'செக்குமாடு' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே.

தாலாட்டு என்ற சொல்லுக்கும், ஆராரோ என்பதற்கும் என்ன பொருள்?

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி ஓசை எழுப்பிப் பாடுவதால் தாலாட்டு. பெரியாழ்வாரும் குலசேகர ஆழ்வாரும் 'தாலேலோ' என்று முடித்துப் பாசுரம் பாடியிருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். வீட்டுப் பெண்களின் பாட்டு எவ்வளவு முன்பே புலவர்களின் காதில் விழுந்திருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

ஆராரோ என்பதை 'யார் யாரோ' என்று பிரித்து, 'நீ யார், எங்கிருந்து வந்தாய்' என்று அம்மா கேட்பதாகச் சிலர் விளக்குகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. 'ஆரடிச்சு' என்று பாட்டு தொடங்குவதால் பொருந்தவும் செய்கிறது. ஆனால் 'ராராரோ', 'ராரிரரோ' என்றும் பாடுகிறார்கள். அங்கே 'யார்' என்ற சொல்லே இல்லை, நாக்கு ஆடும் ஓசை மட்டும் இருக்கிறது. அழகான விளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் கட்டடம் எழுப்பாதீர்கள்.

குழந்தை என்பது ஆன்மா, ஐவிரல் என்பது ஐம்புலன் என்று ஒரு தத்துவ விளக்கம் படித்தேன். சரியா?

சித்தர் பாடல்களுக்கு இந்த முறை பொருந்தும். அவர்கள் மக்கள் பாடிய மெட்டையும் விளிகளையும் தெரிந்தே எடுத்து, உள்ளே தத்துவத்தை வைத்தார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண், எல்லா நாட்டுப்பாட்டிலும் அதையே தேடுகிறது.

இந்தத் தாலாட்டில் ஐவிரல் என்பது ஐந்து விரல்தான். கையால் அடித்தால் கன்னத்தில் விரல் தடம் பதியுமே, அந்த விரல். 'ஆரும்' என்பதற்கு 'ஐ' மோனை. ஒருவர் இதைத் தத்துவமாகத் தியானித்தால் அது அவருடைய அனுபவம், தடுக்க நமக்கு என்ன உரிமை? பாடிய பெண்கள் சொல்ல வந்தது அதுதான் என்று எழுதினால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அழும் பிள்ளை, தூரத்து அண்ணன், பேச முடியாத வீடு, இவையே போதுமான கனம் உள்ளவை. தத்துவம் ஏற்றினால்தான் மதிப்பு வரும் என்று நினைப்பது அந்தப் பெண்களைக் குறைத்து மதிப்பிடுவது.

அடிப்பதைப் பற்றிக் குழந்தைக்குப் பாடலாமா?

பாடலாம். பூவால் அடித்ததாகச் சொல்லி, யாரும் அடிக்கவில்லை என்று முடிக்கிற பாட்டு இது.

வெளிநாட்டில் வளரும் என் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

மாமனை 'அங்கிள்' என்று சொன்ன இடத்தில் பாட்டு செத்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். உறவுச் சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து, ஆளைக் காட்டுங்கள். 'மாமன் என்றால் அம்மாவின் தம்பி, போன மாதம் வீடியோவில் பேசினாரே அவர்' என்று சொன்னால் போதும். அப்புறம் அவர்கள் வீட்டு ஆட்களை வைத்தே புது வரி கட்டச் சொல்லுங்கள். மோனை எப்படி வேலை செய்கிறது என்பது விளக்காமலே பிடிபடும். பாட்டு எப்போதும் அப்படித்தான் வளர்ந்தது.

என் பாட்டிக்கு இன்னும் வரிகள் தெரியும். எப்படிக் கேட்டு வாங்குவது?

சீக்கிரம் கேளுங்கள். 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று தொடங்காதீர்கள். 'சும்மா பாடுறதுதான், அர்த்தம் என்ன இருக்கு' என்று பதில் வரும். யாரிடம் கற்றார், எந்தப் பிள்ளைக்குப் பாடினார், அப்போது எந்த வீட்டில் இருந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பொருள் அந்தக் கதைகளோடு தானாக வந்துவிடும்.

வரிகளைச் சொல்லச் சொன்னால் மறந்துபோகும். பாடச் சொன்னால் வரும். மடியில் குழந்தை இருந்தால் இன்னும் வரும், கை ஆடத் தொடங்கியதும் வாய் தானாகப் பாடும். செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் சொல்லி அனுமதி வாங்குங்கள். அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள், அடிச்சு என்றால் அடிச்சு. இரண்டாம் முறை வேறு மாதிரி பாடினால் திருத்தாதீர்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சிரித்தார், எங்கே நிறுத்தினார் என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். எங்கள் அம்மாச்சி மாமன் வரி வந்ததும் ஒரு நொடி நிறுத்துவார். அவருடைய தம்பி சின்ன வயதிலேயே போய்விட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.